விரையும் மிதிவண்டியைப் படம்பிடித்த வரலாறு

மலைச் சரிவில் பாய்ந்து இறங்கும் மிதிவண்டி வீரரைத் தெளிவாகவும் அழகாகவும் படம்பிடிப்பது ஒளிப்படக் கலையின் கடினமான வேலைகளுள் ஒன்று. வீரர் கண்ணுக்குத் தெரிவது இரண்டு மூன்று நொடிகள்தான். பாதை மேடும் பள்ளமுமாக இருக்கும். மரநிழலும் வெயிலும் மாறி மாறி விழும். அந்தச் சில நொடிகளுக்குள் படமெடுப்பவர் மூன்று சிக்கல்களைத் தீர்க்க வேண்டும். முதலாவது, ஓடும் பொருளைப் படத்தில் நிறுத்துவது. இரண்டாவது, லென்ஸின் குவியத்தை அப்பொருளின் மீது சரியாக விழச் செய்வது. மூன்றாவது, படச் சட்டகத்துக்குள் எது எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்வது.

இம்மூன்றும் ஒரே காலத்தில் தீர்ந்தவை அல்ல. ஓட்டத்தை நிறுத்தும் வழி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிடைத்தது. ஓடும் பொருளின் மீது குவியத்தைத் தானாகவே நிறுத்தும் கருவி 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. சட்டகத்தை அமைக்கும் வேலை இன்றும் மனிதரிடமே இருக்கிறது.

காவிரிப் படுகையின் கடற்கரையில் உள்ள காரைக்காலில் மலை கிடையாது. ஆயினும் இவ்வரலாற்றைக் காரைக்காலிலிருந்து பார்ப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒளிப்படக் கலையின் தொடக்க காலச் செய்திகள் பல பிரான்சு நாட்டில் நடந்தவை. அக்காலத்தில் காரைக்கால் அந்நாட்டின் ஆட்சியில் இருந்தது. மேலும், ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் இவ்வூரில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் படமெடுப்பவர்கள், மலைப்பாதையில் நிற்பவர்கள் சந்திக்கும் அதே மூன்று சிக்கல்களையும் சந்திக்கிறார்கள்.

அசைந்தவை மறைந்த காலம்

தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஆண்டு 1739. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1839 ஜனவரி 7 அன்று, பாரிசில் உள்ள அறிவியல் கழகத்தில் லூயி தாகர் என்பவரின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளியால் உருவத்தைப் பதிக்கும் முறை அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று அதன் செய்முறை முழுவதும் வெளியிடப்பட்டது.

தாகர் 1838இல் எடுத்த பாரிசு நகரத் தெருப் படம் ஒன்று புகழ்பெற்றது. உயரமான சன்னலிலிருந்து எடுக்கப்பட்ட அப்படத்தில், வண்டிகளும் மக்களும் நிறைந்திருக்க வேண்டிய பெருந்தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. நடந்தவர்களும் வண்டிகளும் ஓரிடத்தில் நிற்காததால் சுவடே இல்லாமல் மறைந்து போயினர். ஒருவர் மட்டும் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்றிருந்தார். அவர் உருவம் பதிந்துவிட்டது. ஒளிப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார்.

நின்றவருக்கே படத்தில் இடம் என்ற இந்த நிலை முப்பது நாற்பது ஆண்டுகள் நீடித்தது. பழைய குடும்பப் படங்களில் எல்லோரும் விறைப்பாக அமர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கியைப் பொருத்துவதும் அக்கால நிலையங்களில் வழக்கமாக இருந்தது.

ஓட்டத்தை நிறுத்தியவர்கள்

1871இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்டு மேடக்ஸ் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டு முறையை வெளியிட்டார். பின்னர் வந்தவர்கள் அதை மேம்படுத்தியபோது, நொடியின் சிறு பங்கு நேரத்திலேயே உருவத்தைப் பதிக்க முடிந்தது. அதுவரை லென்ஸின் மூடியைக் கையால் திறந்து மூடிக்கொண்டிருந்தவர்களுக்கு, இனிமேல் கை போதாது என்றாகிவிட்டது. விரைந்து திறந்து மூடும் ஷட்டர் இன்றியமையாத உறுப்பானது.

1878 ஜூன் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ் ஒரு பந்தயக் குதிரையைப் படமெடுத்தார். ஓடுபாதையின் ஓரமாகப் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்தார். பாதையின் குறுக்கே நூல்களைக் கட்டினார். குதிரை ஓடிவந்து ஒவ்வொரு நூலையும் அறுக்கும்போது அதற்குரிய கேமராவின் ஷட்டர் திறந்து மூடியது. பாய்ந்தோடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரு கணம் தரையை விட்டு எழுகின்றன என்பதை அப்படங்கள் காட்டின. ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும் நிலையில் அது நிகழவில்லை; கால்கள் வயிற்றுக்கடியில் கூடியிருக்கும் நிலையில்தான் நிகழ்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைபிரிட்ஜ் குதிரையைத் துரத்தவில்லை. குதிரை எந்த வழியாக வரும், எவ்வளவு தொலைவில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அந்த இடத்தில் கருவியை வைத்துவிட்டுக் காத்திருந்தார். இன்று மலைப்பாதையில் மிதிவண்டியைப் படமெடுப்பவரும் அடிப்படையில் இதையேதான் செய்கிறார்.

பிரான்சில் எத்தியேன் ஜூல் மரே என்ற உடலியல் அறிஞர் வேறு வழியில் முயன்றார். 1882இல் அவர் துப்பாக்கி வடிவில் ஒரு கேமராவைச் செய்தார். பறவையைக் குறிபார்த்து விசையை இழுத்தால் ஒரு நொடியில் 12 படங்கள் பதியும். துப்பாக்கிக் குழலின் இடத்தில் லென்ஸ் இருந்தது. குண்டு வெளியே போவதற்குப் பதிலாக ஒளி உள்ளே வந்தது. குறிபார்த்தபடி பறவையுடன் சேர்ந்து கருவியையும் திருப்பும் முறை அவருடையது. ஆக, இடத்தில் காத்திருப்பது, பொருளோடு சேர்ந்து திரும்புவது என்ற இரண்டு வழிகளும் நான்கே ஆண்டு இடைவெளியில் உருவாகிவிட்டன. இவ்விருவரும் 1830இல் பிறந்து 1904இல் மறைந்தவர்கள் என்பது ஒரு தற்செயலான ஒற்றுமை.

சாய்ந்த சக்கரம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் மிதிவண்டிப் பந்தயமும் கார்ப் பந்தயமும் மக்களை ஈர்த்தன. ‘லோட்டோ’ என்ற விளையாட்டு நாளிதழ் 1903இல் ‘டூர் டி பிரான்ஸ்’ மிதிவண்டிப் பந்தயத்தைத் தொடங்கியது. பந்தயச் செய்தியைச் சொல்லப் படமும் தேவைப்பட்டது.

அக்காலத்தில் பந்தயங்களைப் படமெடுத்த இளைஞர்களுள் ஒருவர் 1894இல் பிறந்த ழாக் ஆன்ரி லார்த்திக். பத்தொன்பது வயதை ஒட்டிய பருவத்தில் ஒரு கார்ப் பந்தயத்தின்போது, தம்மைக் கடந்து சென்ற காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிப் படமெடுத்தார். படத்தில் காரின் பின்சக்கரம் வட்டமாக இல்லாமல், முன்பக்கம் சாய்ந்த நீள்வட்டமாக விழுந்தது. பின்னால் நின்ற மக்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரிந்தனர்.

இதற்குக் காரணம் அவருடைய கேமராவின் திரை ஷட்டர். அதில் துணித் திரையிலுள்ள ஒரு மெல்லிய பிளவு தகட்டின் குறுக்கே ஓடும். ஆகவே, தகட்டின் எல்லாப் பகுதிகளும் ஒரே கணத்தில் ஒளி பெறுவதில்லை. காட்சியின் கீழ்ப்பகுதி முதலிலும் மேற்பகுதி சற்றுப் பின்னரும் பதியும். அந்தச் சிறு இடைவெளியில் கார் முன்னே நகர்ந்துவிட்டது. ஆகவே அதன் மேற்பகுதி முன்னால் சாய்ந்தது. கேமரா திரும்பிக்கொண்டிருந்ததால், நின்றவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள்.

அறிவியல் கணக்குப்படி பார்த்தால் அது பிழையான படம். சக்கரம் நீள்வட்டமாக இருக்க முடியாது. ஆனால் வேகத்தை அதைவிட நன்றாகச் சொன்ன படங்கள் குறைவு. 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் லார்த்திக்கின் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவர் உலகப் புகழ் பெற்றார். அப்போது அவர் எழுபது வயதை நெருங்கியிருந்தார்.

இன்றைய கைப்பேசியிலும் இதே விளைவைப் பார்க்கலாம். பெரும்பாலான கைப்பேசிகளின் உணரி படத்தை வரி வரியாகப் படிக்கிறது. ஓடும் பேருந்தின் சன்னலிலிருந்து படமெடுத்தால் வெளியே உள்ள மின்கம்பங்கள் சாய்ந்து தெரிவது அதனால்தான்.

இடம் பிடித்துக் காத்திருத்தல்

1932இல் ஆன்ரி கார்த்தியே பிரசோன் பிரான்சின் தென்பகுதியில் உள்ள இயேர் என்ற ஊரில் ஒரு படம் எடுத்தார். மேலிருந்து பார்க்கும்போது வளைந்து இறங்கும் படிக்கட்டும் அதன் இரும்புக் கைப்பிடியும் சட்டகத்தை நிறைக்கின்றன. கீழே தெருவின் வளைவில் ஒரு மிதிவண்டிக்காரர் சற்றே மங்கிய உருவமாகக் கடந்து போகிறார். படிக்கட்டின் வளைவும் தெருவின் வளைவும் வண்டி செல்லும் திசையும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றன.

படத்தின் முக்கால் பங்கு வேலை மிதிவண்டி வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. படிக்கட்டும் தெருவும் அசையாதவை. அவற்றைச் சட்டகத்துக்குள் அமைக்க நேரம் இருக்கிறது. காலியாக விட்ட இடத்தை நிரப்பத்தான் மிதிவண்டி தேவை. அது அங்கே வரும் கணத்தில் விசையை அழுத்தினால் போதும். 1952இல் வெளிவந்த அவருடைய நூலின் ஆங்கிலத் தலைப்பு ‘தீர்மானிக்கும் கணம்’ என்று பொருள்படும். ஆனால் அந்தக் கணத்துக்கு முன்னால் தீர்மானிக்கப்பட்ட இடம் ஒன்றும் இருக்கிறது. காரைக்காலையும் உள்ளடக்கிய பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் தலைநகரான புதுச்சேரிக்கு அவர் 1950 ஏப்ரலில் வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார்.

காத்திருந்து எடுக்கும் கலையில் தமிழருக்கும் இடம் உண்டு. திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளைப் படங்களில் காட்டு விலங்குகளைப் பதிவு செய்தவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். விலையுயர்ந்த கருவியைவிட விலங்கின் பழக்கத்தை அறிந்திருப்பதே முதன்மையானது என்பதற்கு அவருடைய பணி சான்று.

மலைப்பாதைக்கு வந்த மிதிவண்டி

மலை மிதிவண்டி என்ற தனி வகை உருவானது 1970களில். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் இளைஞர்கள் சிலர், தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளைச் சீர்செய்து தமால்பைஸ் மலைப்பகுதியின் மண்பாதைகளில் ஓட்டினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ‘ரீபேக்’ எனப்படும் இறக்கப் பந்தயம் முதன்முதலாக நடந்தது. பாதை ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இறக்கம் ஏறத்தாழ 400 மீட்டர். மிதியைப் பின்னோக்கி அழுத்திப் பிடிக்கும் பழைய பிரேக், இறங்குவதற்குள் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் முழுவதும் உருகிப் புகைந்துவிடும். மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படி மீண்டும் அடைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பந்தயத்தின் பெயராயிற்று. 1977இல் ஜோ பிரீஸ் இப்பாதைகளுக்கென்றே புதிய சட்டம் கொண்ட மிதிவண்டியைக் கட்டினார். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், டாம் ரிச்சி ஆகியோரும் இத்தொடக்க காலத்துப் பெயர்கள்.

இவர்களோடு சேர்ந்து வண்டி ஓட்டிய வெண்டி கிராக் என்ற பெண், கேமராவையும் கூடவே எடுத்துச் சென்றார். இன்று மலை மிதிவண்டியின் தோற்றத்தைப் பற்றி யார் எழுதினாலும் அவருடைய படங்களை நாடாமல் எழுத முடிவதில்லை. யார் முதலில் செய்தார், எந்த வண்டியில் எந்த உறுப்பு இருந்தது என்ற கேள்விகளுக்கு நினைவுகள் ஒன்றுக்கொன்று முரண்படலாம். படத்தில் தெரியும் பிரேக்கும் பல்சக்கரமும் முரண்படுவதில்லை. விளையாட்டாக எடுத்த படங்கள் பின்னாளில் சான்று ஆவணங்களாயின.

1990இல் மலை மிதிவண்டிக்கு உலக வாகையர் போட்டி தொடங்கியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. இமயமலைப் பகுதியிலும் இப்போட்டிகள் நடக்கின்றன. 2022 செப்டம்பரில் லே நகரில் உலகக் கோப்பைச் சுற்று ஒன்று நடந்தது. 2023 அக்டோபர் இறுதியில் ஆசிய மலை மிதிவண்டி வாகையர் போட்டி திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலையில் நடந்தது. தமிழ்நாட்டு எல்லைக்கு மிக அருகில் நடந்த பெரிய போட்டி அது.

வேகத்தின் கணக்கு

வீரர் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அது நொடிக்கு 10 மீட்டர். ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் அதற்குள் வண்டி 10 செ.மீ. நகர்ந்துவிடும், படம் மங்கிவிடும். 1/1000 நொடி என்றால் 1 செ.மீ. மட்டுமே, சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கையில் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

இது வண்டி குறுக்கே கடக்கும்போது உள்ள கணக்கு. நேராக நம்மை நோக்கி வரும்போது பக்கவாட்டு நகர்வு மிகக் குறைவு. ஆகவே ஓட்டத்தை நிறுத்துவது எளிது. ஆனால் குவியம் கடினமாகிறது. 200 மி.மீ. லென்ஸை எஃப் 2.8 என்ற அகன்ற துளையில் வைத்து 10 மீட்டர் தொலைவில் குவித்தால், தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 40 செ.மீ. மட்டுமே. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருபவர் அந்த 40 செ.மீட்டரை 1/25 நொடியில் கடந்துவிடுவார். கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அழுத்துவதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால் ஆழம் ஏறத்தாழ 1.2 மீட்டராக விரியும். ஆனால் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறையும். மரநிழல் மிகுந்த மலைப்பாதையில் அந்த ஒளி போதாமல் போகலாம்.

சக்கரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. உருளும் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவதில்லை. சக்கரத்தின் உச்சிப் புள்ளியோ வண்டியைப் போல் இரு மடங்கு வேகத்தில் போகிறது. அதனால்தான் பல படங்களில் கீழே உள்ள ஆரக்கம்பிகள் தெளிவாகவும் மேலே உள்ளவை மங்கியும் தெரிகின்றன. வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அது படத்திலேயே உள்ள சான்று.

குவியம் கருவியிடம் போனது

பழைய காலத்தில் இதற்கிருந்த நல்ல வழி முன்கூட்டியே குவிப்பது. வண்டி கட்டாயம் கடக்க வேண்டிய ஒரு கல்லையோ வேரையோ தேர்ந்தெடுத்து, லென்ஸை அதன் மீது குவித்து, அப்படியே நிறுத்திவிடுவார்கள். முன்சக்கரம் அந்த இடத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே விசையை அழுத்துவார்கள். நூல்களைக் கட்டிக் காத்திருந்த மைபிரிட்ஜின் முறைக்கு இது நேரான வாரிசு.

தானாகக் குவிக்கும் கேமராவாகப் பெருமளவில் விற்பனைக்கு வந்த முதலாவது 1977இல் வெளியான கோனிகா நிறுவனத்தின் கருவி. 1985இல் வந்த மினோல்டா 7000, லென்ஸ் மாற்றும் வகைக் கேமராக்களில் இம்முறையைப் பரவலாக்கியது. இக்கருவிகள் லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியால் உண்டாகும் இரு உருவங்களை ஒப்பிட்டு, குவியம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று அறிகின்றன. 1980களின் இறுதியில், பொருள் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று கணித்து அங்கே குவிக்கும் திறனும் வந்தது. 2021இன் இறுதியில் வெளியான நிக்கான் இசட் 9 போன்ற கருவிகள் சட்டகத்துக்குள் இருப்பது மனிதரா, பறவையா, மிதிவண்டியா என்று தாமே பிரித்தறிகின்றன. அக்கருவியில் இயந்திர ஷட்டரே கிடையாது.

இருந்தும் கணக்கு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. நொடிக்கு 20 படம் எடுத்தாலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் வண்டி அரை மீட்டர் நகர்ந்திருக்கும். வேண்டிய கணம் அந்த இடைவெளியில் விழுந்துவிடலாம். புதரோ கிளையோ குறுக்கிட்டால் கருவி அதைக் குவித்துவிடுவதும் உண்டு. ஆகவே தேர்ந்தவர்கள் இன்றும் ஒரு கல்லையோ வேரையோ மனத்தில் குறித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

சட்டகமும் நேர்மையும்

சட்டகத்தை அமைப்பதில் முதல் கேள்வி, வீரரைத் தவிர வேறு என்ன தெரிய வேண்டும் என்பது. முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் அவர் மலையில் இருப்பதே தெரியாது. வந்த வளைவும் போகப்போகும் பாறையும் தெரிந்தால்தான் அவர் செய்வது எவ்வளவு கடினம் என்று பார்ப்பவருக்குப் புரியும். வண்டி செல்லும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு எடுப்பது மரபு. தலைக்கவசத்திலிருந்து கிளை முளைத்ததுபோல் பின்னணி அமையாதபடி, ஓரடி நகர்ந்து நிற்பதும் ஆள் வருவதற்கு முன்பே பார்க்க வேண்டியது.

முற்றிலும் உறைந்த படத்தில் வண்டி நின்றுகொண்டிருப்பதுபோல் தோன்றும் ஆபத்து உண்டு. அதைத் தவிர்க்க ‘பேனிங்’ என்ற முறை உதவும். ஷட்டரை 1/30 அல்லது 1/60 நொடியளவு மெதுவாக வைத்து, வண்டி குறுக்கே கடக்கையில் அதே வேகத்தில் இடுப்பிலிருந்து உடலைத் திருப்பியபடி எடுப்பார்கள். வீரர் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் விழும். மரேயின் துப்பாக்கியும் லார்த்திக்கின் காரும் கற்றுத்தந்த பாடம் இது.

மலைச்சரிவு படத்தில் தட்டையாகிவிடுவது இன்னொரு சிக்கல். மேலிருந்தோ கீழிருந்தோ நேராகப் பார்த்து எடுத்தால் செங்குத்தான பாதையும் சமதரைபோல் தெரியும். பக்கவாட்டிலிருந்து, ஒரு நேரான மரமும் சேர்ந்து தெரியும்படி எடுத்தால் சரிவின் உண்மை அளவு விளங்கும். அந்த மரம் கொத்தனாரின் தூக்குக் குண்டுபோல் வேலை செய்கிறது. இதற்கு மாறாகச் சிலர் கேமராவையே சாய்த்துப் பிடித்துச் சரிவைக் கூட்டிக் காட்டுவார்கள். எல்லா மரங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டால் அதை அறிந்துகொள்ளலாம். லார்த்திக்கின் சாய்வு கருவியால் தானாக நேர்ந்தது. இது வேண்டுமென்றே செய்வது. படம் பின்னாளில் சான்றாகும் என்று எண்ணுகிறவர் இதைச் செய்யமாட்டார்.

நிற்கும் இடம் உயிர் தொடர்பானதும்கூட. வளைவில் பிடி தவறும் வண்டி பெரும்பாலும் வளைவின் வெளிப்புறமாகத்தான் சறுக்கும். படம் அங்கே நன்றாக அமையும் என்பதற்காக அங்கே நிற்பது படமெடுப்பவருக்கும் வீரருக்கும் கேடு. எதிரே வருபவரின் கண்ணில் ஃபிளாஷ் ஒளியைப் பாய்ச்சுவதும் அப்படித்தான்.

மாங்கனியும் மிதிவண்டியும்

காரைக்கால் அம்மையாரின் வரலாற்றை நினைவுகூரும் மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறுகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி எறிகிறார்கள். கீழே நிற்பவர்கள் கைநீட்டிப் பிடிக்கிறார்கள். இரண்டு மாடி உயரம், அதாவது ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கனி தரையை நெருங்கும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10.8 மீட்டர். மணிக்கு 39 கிலோமீட்டர். மலைச்சரிவில் இறங்கும் மிதிவண்டியின் வேகமும் ஏறக்குறைய அதுவே.

மாங்கனியைப் பின்தொடர்ந்து குவிக்க முயல்பவருக்குப் படம் கிடைப்பது அரிது. எந்த மாடியிலிருந்து எறிவார்கள், கைகள் எங்கே உயரும் என்று முன்பே பார்த்து, அந்த இடத்தைக் குவித்து நிற்பவருக்குக் கிடைக்கும். மேல்நோக்கி எறிந்த கனி உச்சியை அடையும் கணத்தில் அதன் ஏற்றமும் இறக்கமும் நின்றுவிடுகின்றன. அப்போது எடுப்பது எளிது. மேட்டில் ஏறித் துள்ளும் மிதிவண்டிக்கும் துள்ளலின் உச்சியே படமெடுக்க ஏற்ற கணம்.

மலைக்குப் போகாமலே இப்பயிற்சியைக் காரைக்காலில் செய்யலாம். கடற்கரைச் சாலையில் காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால், கிழக்கு வெயில் எதிரே வரும் மிதிவண்டிக்காரர் மீது நேராக விழும். வாய்க்கால் கரைகளின் மண்பாதை மேடும் பள்ளமுமாக இருப்பதால் வண்டி துள்ளுவதையும் அங்கே காணலாம். கைப்பேசியே போதும். ஒரு கல்லைத் தேர்ந்து, திரையில் அதைத் தொட்டுக் குவியத்தை நிறுத்தி, வண்டி அதைத் தொடும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் லென்ஸுக்குப் பகை. பயன்படுத்திய பின் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் வைக்காவிட்டால் உள்ளே பூசணம் பிடித்துவிடும்.

தாகரின் காலத்தில் அசைந்தவர் எவருக்கும் படத்தில் இடமில்லை. இன்று அசையும் எதையும் பதிக்கலாம். ஆனால் எங்கே நிற்பது, எதைச் சட்டகத்துக்குள் சேர்ப்பது என்பதைக் கருவி சொல்லித்தருவதில்லை. மரின் கவுண்டி மலைப்பாதையில் ஒருவர் கேமராவைச் சுமந்து சென்றதால்தான் ஒரு விளையாட்டின் பிறப்பு உலகுக்குத் தெரிகிறது. தத்தம் ஊரில் ஓடுவதையும் பாய்வதையும் படமெடுத்து, நாளையும் இடத்தையும் குறித்து வைப்பவர்கள் அந்த ஊர் வரலாற்றின் ஒரு பகுதியைச் சேமிக்கிறார்கள்.